பச்சை எத்தனை செக்கன் என்பதை வீதியில் நின்று எண்ணி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சந்தியில் நெரிசல் என்றதும் "கலர் லைட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுகிறோம். திருகோணமலை அனுராதபுரச் சந்தியைப் பற்றிப் பேசும்போதும் இதே பேச்சுத்தான். விளக்கு வீதியை அகலமாக்குவதில்லை. இருக்கிற இடத்தை நேரத்தால் பங்கு போடுகிறது, அவ்வளவுதான். பங்கு பிழைத்தால் விளக்கே நெரிசலுக்குக் காரணமாகிவிடும்.

பச்சை விழுந்ததும் வரிசை உடனே பாய்வதில்லை. முன்னால் நிற்பவர் கியர் போட்டு நகர்வதற்கே 2 செக்கன் போகும். பிறகு ஒரு வரிசையில் ஏறத்தாழ 2 செக்கனுக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும், மணிக்கு 1800. மஞ்சளும் அதையடுத்து எல்லாப் பக்கமும் சிவப்பும் விழும்போது இன்னுமொரு 2 செக்கன் வீண். எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை விழுந்து முடிவதை ஒரு சுற்று என்போம். ஆக, பச்சை மூன்று முறை கைமாறும் சந்தியில் ஒரு சுற்றுக்கு 12 செக்கன் எவருக்கும் உதவாமல் போகிறது.

இந்த வீண்நேரத்தை வைத்துத்தான் சுற்றின் நீளத்தைக் கணிக்க வேண்டும். பிரித்தானிய ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958இல் தந்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கும். மூன்று பக்கத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் மணிக்கு 360 கார் வருகிறது என்று வையுங்கள். 360ஐ 1800ஆல் வகுத்தால் 0.2, மூன்றுக்கும் சேர்த்து 0.6. வீண்நேரம் 12இன் ஒன்றரை மடங்கு 18, அத்துடன் 5ஐக் கூட்டினால் 23. அதை 1இல் 0.6 போக மிஞ்சும் 0.4ஆல் வகுத்தால் 58 செக்கன். வரத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 38 செக்கனே போதும். அந்த நேரத்தில் 120 செக்கன் சுற்றை ஓடவிட்டால், வரிசை தீர்ந்த வீதிக்குப் பச்சை எரிந்துகொண்டிருக்கும், மற்றப் பக்கத்தில் சனம் வெயிலில் காயும். காத்திருந்து அலுத்தவர்தான் சிவப்பில் பாய்கிறார்.

எண்ணும்போது எல்லா வாகனத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. பஸ் ஒன்று இரண்டு காருக்குச் சமம், மோட்டார் சைக்கிள் அரைக் காருக்கும் குறைவு. காலையில் பாடசாலை தொடங்கும் நேரம், பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடும் நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ண வேண்டும். நாள் முழுக்க ஒரே கணக்கு எங்கள் ஊருக்குப் பொருந்தாது.

மஞ்சளுக்கு 3 செக்கன் போதும். எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். மஞ்சளின் கடைசியில் உள்ளே வந்த சைக்கிள்காரர் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் 20 மீற்றர் சந்தியைக் கடக்க 5 செக்கன் ஆகும். அங்கே வெறும் 1 செக்கன் விட்டால், அவர் நடுச்சந்தியில் இருக்கும்போதே பக்கத்து லொறி புறப்பட்டுவிடும். 12 மீற்றர் வீதியைக் கடக்கும் பாதசாரிக்கு 10 செக்கன் கணக்கு. வயோதிபரும் சிறுபிள்ளைகளும் கடக்கும் இடமானால் 12 வையுங்கள்.

கோட்டுக்கு முன்னால் தாருக்குள் கம்பிச் சுருள் பதித்து வாகனத்தை உணரும் முறையும் உண்டு. மேலே உலோகம் வந்ததும் சுருளின் மின்தூண்டல் குறையும், விளக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை வாகனமாக எடுத்துக்கொள்ளும். தண்ணீர்க் குழாய்க்காக வீதியைக் கிண்டும்போது இந்தக் கம்பி அறுந்துவிட்டால், பெரும்பாலான பெட்டிகள் அங்கே எப்போதும் வாகனம் நிற்பதாகவே கொள்ளும். யாரும் பச்சையே விழாமல் சிவப்பில் மாட்டிக் கிடக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் வெறும் வீதிக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பச்சை போகும். விளக்குகள் ஒழுங்காக மாறுவதால் பழுது மாதக்கணக்காக வெளியே தெரியாது. கிண்டியவர்கள் தாரைப் போட்டு மூடுமுன் சுருளைச் சோதித்துக் கொடுக்கவேண்டும் என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

எனவே பொறுப்பானவர்களிடம் நாங்கள் கேட்பது: சந்திகளில் ஒரு வேலைநாளும் ஒரு வெள்ளிக்கிழமையும் காலை 6 முதல் மாலை 7 வரை வாகனங்களை எண்ணுங்கள். அதன்படி காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு நேர அட்டவணையாவது வையுங்கள். கோணேசர் ஆலயத் திருவிழா நாட்களுக்கு வேறொன்று வேண்டும். மாரியில் மின்சாரம் நிற்கும்போது விளக்கும் அணைந்துவிடாதபடி பெட்டிக்கு பற்றரி பொருத்துங்கள். அட்டவணையின் பிரதியொன்று பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருந்தால், பழுதுபார்க்க வருபவர் பழைய நேரத்தைத் தேடி அலையமாட்டார்.

இப்படிக்கு,
வீதிச் சமிக்ஞைப் பணியில் உள்ளோர் சிலர்,
திருகோணமலை.