கதவில் அட்டை தொங்கட்டும், நேரத்தையும் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்களுக்கான யோசனைகள் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தன. ஹோட்டல் அறையில் பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால், போய்ச் சேர்ந்த நாளிலிருந்து காலி செய்கிற நாள்வரை ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டையைக் கதவில் மாட்டியே வையுங்கள், சுத்தம் செய்ய வருகிற யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று அதில் ஒரு வரி. கொடைக்கானலில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, ஓய்வும் பெற்றுவிட்டவள் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒன்று. அட்டை மாட்டுவது விருந்தினரின் உரிமை. உள்ளே யார் இருக்கிறார்கள், அவர்களுக்குள் என்ன உறவு, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அறையைச் சுத்தம் செய்கிறவர்களுக்குத் தேவையில்லாத விஷயம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. கோவையில் ஒரு விடுதிக்கு சீல் வைத்த வழக்கில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஹோட்டல் அறையில் சேர்ந்து தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்புகளுக்கு முன்பும் சரி, பின்பும் சரி, வேலைக்குப் புதிதாக வரும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அறைக்குள் பார்த்ததை அறையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். விரிப்பும் டவலும் அடுக்கி வைக்கும் லினன் ரூமில் உட்கார்ந்துகூட அதைப் பேசக் கூடாது.

என் வருத்தம் வேறு. அட்டையை மாட்டிவிட்டு, ரிசப்ஷனுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூன்று நாள் இருந்துவிடுகிறார்கள். நான்காம் நாள் காலை 11 மணிக்குக் காலி செய்கிறார்கள். அதே அறைக்கு மதியம் 1 மணிக்கு அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும். இடையில் இருக்கும் அந்த நேரத்துக்குள் அந்த மாடியில் காலியான எல்லா அறைகளும் தயாராக வேண்டும்.

எங்கள் ஹோட்டலில் ஒரு ஷிஃப்டில் ஒருவருக்கு 12 முதல் 15 அறை. விருந்தினர் தங்கியிருக்கும் அறையைத் தினமும் செய்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். காலியான அறைக்கு முக்கால் மணி நேரம். மூன்று நாள் திறக்காத அறை என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கொடைக்கானல் குளிரில் ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள். ஈர டவல், நனைந்த காலுறை, பாதி சாப்பிட்ட பிரியாணிப் பொட்டலம் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை பிடித்துவிடும். கனமான ரஜாய்ப் போர்வைகளை வெளியே எடுத்துப் போட்டால் வெயில் இருக்காது, பனிமூட்டம்தான் இருக்கும். குளியலறைத் தரையில் சோப்புப் படிவு இறுகியிருக்கும், அதற்கு ஆசிட் கலந்த திரவத்தைக் கூடுதலாக ஊற்றித் தேய்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரிலும் அந்தத் திரவத்திலும் மாறி மாறி நனைந்து பெண்களின் விரல் நுனி வெடித்திருப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இவ்வளவு செய்தாலும் அன்றைய கணக்குத் தாளில் அது ஒரு அறைதான். மீதி அறைகளைச் சாப்பாட்டு நேரத்தில்தான் முடிப்பார்கள்.

இதில் நல்ல மனதோடு செய்கிறவர்களும் உண்டு. ‘பாவம், நம் அறை ஒன்றாவது அவர்களுக்குக் குறையட்டுமே’ என்று நினைத்து வேண்டாம் என்கிறார்கள். அந்த நினைப்புக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் வேலை குறைவதில்லை, கடைசி நாளுக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2018-ல் மாரியட் ஹோட்டல் ஊழியர்கள் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தினசரி சுத்தம் வேண்டாம் என்று சொல்லும் விருந்தினருக்குச் சலுகை கொடுக்கும் திட்டமும் அப்போது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. அறை அழுக்காவதும் வேலை நேரம் வெட்டப்படுவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது என்றார்கள். எங்கள் பெண்கள் யூனியன் வைத்துப் பேசியவர்கள் இல்லை. ஆனால் அவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

சரி, யாரும் உள்ளே வருவது பிடிக்கவில்லை என்றால் என்ன செய்யலாம்? காலையில் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போதும். ‘பத்து மணிக்கு ஏரிக்குப் போகிறோம், அப்போது செய்துவிடுங்கள்’ என்று சொல்லலாம். ‘நாங்கள் இருக்கும்போதே வந்து செய்யுங்கள், கதவு திறந்திருக்கட்டும்’ என்று கேட்கலாம். எங்கள் ஆட்களுக்கும் அது பிடிக்கும், பின்னால் எந்தப் பேச்சும் வராது. ‘இன்று ஒன்றும் வேண்டாம்’ என்றால் குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, புது டவலையும் தண்ணீரையும் கதவருகிலேயே வாங்கிக்கொள்ளலாம். ‘குளியலறை மட்டும் போதும், கட்டிலைத் தொட வேண்டாம்’ என்றாலும் சரிதான். எதைச் சொன்னாலும் காரணம் கேட்க மாட்டோம். சொன்ன நேரத்துக்கு அறை கிடைத்தால் அந்த மாடியின் முழு வேலையும் ஒழுங்காக நடக்கும்.

அட்டை தொங்கும்போதே ஏன் போன் அடிக்கிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஒரு நாள் முழுக்கச் சத்தமே இல்லை என்றால் போனில் விசாரிப்போம். பதில் வராவிட்டால் டியூட்டி மேனேஜர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்த ஒரு பெரியவரை அப்படித்தான் கண்டுபிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் மாண்டலே பே ஹோட்டலின் 32-வது மாடி அறையிலிருந்து ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். அதற்குப் பிறகு, அட்டை தொங்கினாலும் அறையைப் பார்ப்பது என்று பெரிய ஹோட்டல்கள் பல இந்த அட்டை விதியை மாற்றின. டிஸ்னி தன் ஹோட்டல்களில் அந்த அட்டையையே எடுத்துவிட்டு, ‘அறையில் ஆள் இருக்கிறது’ என்று எழுதி மாட்டியது. தங்கியிருப்பவரின் உயிரும் பக்கத்து அறைக்காரரின் உயிரும் எங்கள் பொறுப்பில் இருப்பதால்தான் கூப்பிடுகிறோம். போனை எடுத்து ‘நன்றாக இருக்கிறோம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்புறம் யாரும் வர மாட்டார்கள்.

பொருள் காணாமல் போகும் என்ற பயம்தான் பலருக்கு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு மே மாதம், தங்கியிருந்த அம்மாவின் வைரக் கம்மல் ஒன்றைக் காணவில்லை. அன்று அந்த அறையைச் செய்தது வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண். அவளை ரிசப்ஷனில் நிறுத்தி, பையை மேஜைமேல் கொட்டச் சொன்னார்கள். சாப்பாட்டு டப்பா, ஒரு மாத்திரை அட்டை, பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் எல்லோர் முன்னாலும் விழுந்தன. சாயங்காலம் கம்மல் அந்த அம்மாவின் மேக்கப் பையில் பஞ்சுக்குள்ளேயே இருந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பெண் அதற்குப் பிறகு நகையோ பணமோ வெளியே கிடக்கும் அறைக்குள் தனியாகப் போகவே மறுத்துவிட்டாள்.

அதனால் விருந்தினரிடம் கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் லாக்கர் இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டிய பெட்டியையும் மூடிய பையையும் தொடக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. கார்டு போட்டுத் திறக்கும் கதவாக இருந்தால், எந்தக் கார்டு எத்தனை மணிக்குத் திறந்தது என்று அந்தப் பூட்டிலேயே பதிவாகியிருக்கும். சந்தேகம் வந்தால் மேனேஜரிடம் அந்தப் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. சாவி போட்டுத் திறக்கும் லாட்ஜில் இந்த வசதி கிடையாது. அங்கே நீங்கள் இருக்கும்போதே சுத்தம் செய்யச் சொல்வதுதான் நல்லது.

குப்பைக் கூடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்சுலின் ஊசியைக் காகிதத்தில்கூடச் சுற்றாமல் கூடையில் போடுகிறார்கள். பையைக் கட்டும்போது கையில் குத்திவிடும். குத்துப்பட்டவருக்கு மஞ்சள்காமாலை, எச்.ஐ.வி. என்று ரத்தப் பரிசோதனை, திரும்பவும் பரிசோதனை, அதற்கிடையில் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத பயம். காலியான தண்ணீர் பாட்டிலில் ஊசியைப் போட்டு மூடியைத் திருகி, ‘ஊசி’ என்று எழுதி மேஜைமேல் தனியாக வைத்தால் போதும். ஷேவிங் பிளேடுக்கும் இதேதான். கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டால் நீங்களே பெருக்க வேண்டாம், கட்டிலுக்கு அடியில் தள்ளவும் வேண்டாம், கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போடுங்கள். டாய்லெட்டில் போட்டால் அடைப்பை எடுக்க யாரோ ஒருவர் கையை விட்டாக வேண்டியிருக்கிறது. குழந்தை வாந்தி எடுத்துவிட்டதா, மெத்தையை நனைத்துவிட்டதா? கூச்சப்படாமல் உடனே சொல்லுங்கள். பிள்ளைகள் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. சீக்கிரம் தெரிந்தால் மெத்தையைக் காப்பாற்றிவிடலாம்.

பிறந்தநாள் கொண்டாட்டம் இப்போது அதிகமாகிவிட்டது. கேக் கிரீமை முகத்தில் பூசுவதோடு நிற்பதில்லை, திரைச்சீலை, கார்ப்பெட், சுவர் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். ஜிகினாத் தூளைப் பெருக்கி எடுப்பதற்குள் முதுகு போய்விடும். கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ இடம் ஒதுக்கித் தருவார்கள். மருதாணி, தலைச் சாயம், மூட்டுவலித் தைலம் இவற்றோடு வெள்ளை டவலைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய துணி கேளுங்கள், தருவோம். கறை போகாத டவலுக்குச் சில இடங்களில் அறையைச் செய்தவரிடமே விளக்கம் கேட்கிறார்கள்.

இன்னொன்றைப் பெண்ணாக எழுதுகிறேன். மூன்று முறை தட்டி, ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று குரல் கொடுத்து, காத்திருந்துதான் திறப்போம். உள்ளிருந்து ‘வாம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு, துண்டோடோ அதுவும் இல்லாமலோ நிற்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அந்தரங்கத்தை மதித்துத்தான் நாங்கள் வாசலில் காத்து நிற்கிறோம், எங்களுக்கும் மானம் உண்டு. 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலையிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பெண்களைக் காக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. ஹோட்டலில் அந்த வெளியாள் விருந்தினர்தான். சியாட்டிலில் 2016-லும் சிகாகோவில் 2017-லும், தனியாக அறைக்குள் போகும் ஊழியர்களுக்கு அவசர அழைப்புப் பொத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். நம் ஊர் ஹோட்டல்களில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாடிக்கு இரண்டு பேராக அனுப்பலாம், டிராலியை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தே வைத்து வேலை செய்யச் சொல்லலாம். தகராறு செய்த விருந்தினரின் அறைக்கு அதே பெண்ணை மறுபடி அனுப்பாமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் செய்யவே பல மேனேஜர்களுக்கு மனம் வருவதில்லை.

டிப்ஸ் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். மேஜைமேல் சும்மா கிடக்கும் பணத்தை நாங்கள் எடுக்க மாட்டோம். எடுத்தால் திருட்டு என்று ஆகிவிடும். ‘ரூம் சுத்தம் செய்பவருக்கு’ என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் வையுங்கள். காலி செய்யும் நாளில் மொத்தமாக வைத்தால் அன்று ஷிஃப்டில் இருப்பவருக்குத்தான் போகும், தினமும் கொஞ்சம் வைத்தால் உழைத்தவருக்குப் போய்ச் சேரும்.

ஹோட்டல் முதலாளிகளிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். கதவில் தொங்கும் அட்டையில் தமிழும் இருக்கட்டும், கூடவே ‘இத்தனை மணிக்கு வாருங்கள்’ என்று பேனாவால் நிரப்ப ஓர் இடமும் விடுங்கள். ஒரு கோடு போட்ட இடம் இருந்தாலே பாதிப் பேர் நேரம் எழுதிவிடுவார்கள். அடுத்தது, இரண்டு நாளுக்கு மேல் அட்டை தொங்கிய அறையைக் கணக்குத் தாளில் இரண்டு அறையாக எழுதுங்கள். நான் கேட்டுக் கேட்டு, கடைசிச் சில ஆண்டுகள் எங்கள் ஹோட்டலில் அப்படித்தான் எழுதினோம். அன்று அந்த அறையைச் செய்யும் பெண்ணுக்கு ஓர் அறை குறையும், சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடுவாள். அதனால் எந்த விருந்தினருக்கும் அறை தாமதமாகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர்,
கொடைக்கானல்.