உச்சியில் பந்து ஓய்வெடுப்பதில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், மேலே எறிந்த பந்தைப் பற்றிய கட்டச் செய்தியில் ஒரு வரி: "உச்சியை அடைந்ததும் பந்து ஒரு கணம் நிற்கிறது, அப்போது அதன் வேகமும் சுழி, முடுக்கமும் சுழி." வேகம் சுழி என்பது சரி. முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், சுழி என்பதை அச்சுப்பிழை என்று விட்டுவிடத்தான் பார்த்தேன். ஆனால் பக்கத்திலேயே படமும் போட்டிருக்கிறீர்கள். ஏறும் பந்துக்கு மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. அதற்கு மேலே உள்ள பந்துக்கு அதே அம்பு குட்டையாக. உச்சியில் அம்பே காணோம். அம்புக்குப் பெயர் 'எறிந்த விசை'. ஓவியரை உட்காரவைத்து விளக்கி வரையவைத்த பிழையை அச்சுக்கோர்ப்பவர் தலையில் கட்ட முடியாது.

எறிந்த விசை கையோடு சரி. பந்து விரலை விட்டு விலகிய நொடியே அது முடிந்துபோகிறது; பந்து அதை மூட்டை கட்டி மேலே தூக்கிச் செல்வதில்லை. காற்றுத்தடையை ஒதுக்கினால், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் பந்தின் மீது இருப்பது ஒரே விசை, ஈர்ப்பு. திசை கீழ்நோக்கி, அளவும் மாறாதது. ஆக, படத்தில் எல்லாப் பந்துக்கும் ஒரே நீளத்தில் கீழ்நோக்கி அம்பு இருக்க வேண்டும். ஏற ஏறக் குட்டையாகும் அம்பு வேண்டும் என்றால் தாராளமாக வரையலாம், வேறு நிறத்தில். அதன் பெயர் திசைவேகம், திசையும் சேர்ந்த வேகம்.

உச்சியில் வேகமும் இல்லை, முடுக்கமும் இல்லை என்றால் பந்து கீழே வர என்ன முகாந்திரம்? அங்கேயே தொங்க வேண்டியதுதான். நாலு பந்தை எறிந்து கொடி கட்டித் துணி காயப்போடலாம்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தால் பந்து 2 நொடியில் 19.6 மீட்டர் உயரத்தில் உச்சியைத் தொடும். உச்சிக்கு 0.1 நொடி முன்பு அதன் வேகம் மேல்நோக்கி 0.98. 0.1 நொடி கழித்துக் கீழ்நோக்கி 0.98. அந்த 0.2 நொடியில் திசைவேகம் மாறிய அளவு 1.96. எறிந்த உடனே வரும் 0.2 நொடியிலும் அதே 1.96தான் மாறியிருக்கும். முடுக்கம் எங்கே விடுப்பில் போனது?

கண் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு, அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். கையை விட்ட முதல் 0.1 நொடியில் அந்தப் பந்து 191 சென்டிமீட்டர் ஏறுகிறது. உச்சிக்கு முந்தைய 0.1 நொடியில் ஏறுவது வெறும் 4.9 சென்டிமீட்டர். மொத்தம் 4 நொடிப் பயணத்தில் 2 நொடி, அதாவது சரிபாதி, உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிகிறது. எந்த வேகத்தில் நேர் மேலே எறிந்தாலும் இந்தப் பாதிக்குக் கால் கணக்கு மாறாது. அதனால்தான் பந்து மேலே தயங்கி நிற்பதுபோல் தெரிகிறது. இத்தனை சுவையான விஷயத்தை விட்டுவிட்டுப் பந்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டீர்கள்.

இத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வேகம் என்பது வேறு, வேகம் மாறும் வீதம் வேறு என்பதை உங்கள் அறிவியல் பக்கம் ஒருபோதும் பிரித்துப் பார்த்ததில்லை. விண்வெளி நிலையத்தைப் பற்றி எழுதியபோது, அங்கே ஈர்ப்பு இல்லாததால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்றீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 8.7 இருக்கிறது, தரையில் 9.8 (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு இத்தனை மீட்டர் கூடும் என்று பொருள்). நிலையம் ஒரு நொடியில் சுமார் 4.3 மீட்டர் கீழே விழத்தான் விழுகிறது. அதே நொடியில் ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய்விடுவதால் உருண்டையான பூமியும் அதே அளவு வளைந்து விலகிவிடுகிறது. நிலையமும் வீரரும் சேர்ந்தே விழுவதால் தரை அவர் காலைத் தாங்குவதில்லை. ஈர்ப்பு இல்லை என்றால் நிலையம் சுற்றவே சுற்றாது, நேர்கோட்டில் போய்ச் சேர்ந்திருக்கும்.

கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை விட்டால் அது வெளிப்பக்கமாகப் பாயும் என்று இன்னொரு இதழ். விட்ட இடத்தில் தொடுகோட்டில், அதாவது அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே நேராக, போகும் அய்யா. அதைப் பற்றி அப்போதே எழுதினேன். வாசகர்களுக்காக எளிமைப்படுத்தினோம் என்று பதில் வந்தது. எளிமை என்றால் தேவையில்லாததை விடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இவற்றை எல்லாம் கூடப் பொறுக்கலாம். சாலைப் பாதுகாப்புச் சிறப்பிதழில் வந்ததைப் பொறுக்க முடியாது. வண்டியின் வேகம் இரட்டித்தால் பிரேக் போட்டு நிற்கும் தூரமும் இரட்டிக்கும் என்று போட்டிருந்தீர்கள். இரட்டிக்காது, நாலு மடங்காகும். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் வண்டி, பிரேக் பிடித்தபின் 10 மீட்டரில் நிற்கும். 72இல் வந்தால் 40 மீட்டர். காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்கும் ஒரு நொடியில் ஓடும் தூரம்தான் வேகத்தோடு இரட்டிப்பது: 10, 20. கூட்டினால் 20 மீட்டர் எங்கே, 60 மீட்டர் எங்கே. உங்கள் கணக்கை நம்பி 40 மீட்டர் இடைவெளி விட்டவர், முன்னால் கிடப்பதில் போய் மோதும்போதும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருப்பார்.

கடைசியாக, அதே சென்ற இதழின் 'நீங்களே செய்து பாருங்கள்'. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கல்லைப் போட்டு, கைபேசி ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்து, ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள். கல் விழ ஆவது 0.45 நொடி. அழுத்தும் விரல் 0.15 நொடி முன்னே பின்னே போவது சகஜம். 0.30 என்று வந்தால் விடை 22, 0.60 என்று வந்தால் 5.6. இதைச் செய்து பார்க்கும் பிள்ளை தன் மீது நம்பிக்கை இழக்கும், அல்லது 9.8 வரும்படி நேரத்தைத் திருத்தி எழுதக் கற்றுக்கொள்ளும். இரண்டாவதுதான் வழக்கமாக நடப்பது.

கலிலியோவிடம் நல்ல கடிகாரம் இல்லை. அதனால் விழுவதை மெதுவாக்கினார். 1638இல் அச்சான தன் நூலில், 12 முழ மரச்சட்டத்தில் பள்ளம் செதுக்கி, வழவழப்புக்குத் தோலை ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டியதை எழுதியிருக்கிறார். ஒழுகிய தண்ணீரை எடைபோட்டு நேரம் பார்த்தார். அதையே இப்போதும் செய்யலாம். 2 மீட்டர் பலகை, ஒரு முனை 10 சென்டிமீட்டர் உயரம். நடுவில் தொய்யாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். கோலிக்குண்டைக் கையால் விடாமல், முன்னால் ஓர் அளவுகோலைத் தடுப்பாக வைத்துச் சட்டென்று எடுக்க வேண்டும். விரலால் விட்டால் தெரியாமல் தள்ளிவிடுவோம். கீழ்முனையில் ஒரு மரக்கட்டை, மோதும் சத்தம் கேட்டதும் நிறுத்த. 2 மீட்டருக்குச் சுமார் 3.4 நொடி வரும், அரை மீட்டருக்கு 1.7. கால்பங்கு தூரத்துக்குப் பாதி நேரம்! மேலே எறிந்த பந்தின் கதையேதான், பலகை மீது நிதானமாக நடக்கிறது. பத்து முறை எடுத்துச் சராசரி பார்த்தால் போதும்.

இங்கும் ஒரு பொறி உண்டு, அதையும் உங்கள் பக்கம் சொல்லாது என்பதால் சொல்லிவிடுகிறேன். உருளும் குண்டு வழுக்குவதைவிட மெதுவாகத்தான் வரும், சுழல்வதற்கும் ஆற்றல் வேண்டுமே. கெட்டிக் குண்டுக்கு முடுக்கம், உராய்வில்லாமல் வழுக்கினால் வருவதில் ஏழில் ஐந்து பங்கு. இதைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் 9.8க்குப் பதில் 7 வரும், பள்ளி ஆசிரியர் உராய்வு என்று சொல்லிச் சமாளிப்பார். உள்ளே காலியான பிளாஸ்டிக் பந்து என்றால் ஐந்தில் மூன்று. 90 பாகை மடிப்புள்ள அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் கோலியை உருட்டினால் ஒன்பதில் ஐந்து. குண்டு அடியில் தொடாமல் இரு பக்கமும் தொட்டு உருள்வதால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. அதனால் தட்டைப் பலகையே நல்லது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம்: 'உச்சியில் பந்தின் திசைவேகம் மட்டுமே சுழி. முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8.' முடிந்தால் சாலைக் கணக்குக்கும் ஒரு வரி. இடப்பற்றாக்குறை என்றால் இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம், திருத்தத்தைப் போடுங்கள். படத்தில் அம்பைத் தலைகீழாகத் திருப்ப ஓவியருக்கு அதிக நேரம் பிடிக்காது.

இப்படிக்கு,
எளிமைப்படுத்தலுக்கு அஞ்சும் வாசகன்