வரைபடப் பயிற்சி: சமூக அறிவியல் ஆசிரியர்கள் கவனத்திற்கு

அன்பு நண்பர்களே, வணக்கம். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடத்தை இந்த முறை கைப்பேசி வரைபடத்தோடு சேர்த்து நடத்துவோம். வரையறைகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள்கூட ஓர் இடத்தைத் தேடச் சொன்னால் திணறுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் தொடங்கலாம். கூகுள் மேப்ஸ் தேடல் பெட்டியில் 10.7828, 79.1318 என்று இட்டால் கோயில் வளாகம் வரும். அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு. அடுத்து இரண்டு எண்களையும் வேண்டுமென்றே இடம் மாற்றி இடச் சொல்லுங்கள். வரைபடம் ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம் போய் நிற்கும்! இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் அந்தத் தீவுக்கூட்டத்தில்தான் உள்ளது. அதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலை (நொடி) ஆகியவற்றில் கவனம் தேவை. கோயிலின் அட்சமான 10°46′58″ என்பதை 10.4658 என்று எழுதினால் இடம் சுமார் 35 கி.மீ. தெற்கே நழுவிவிடும். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். ஓர் அட்சப் பாகை ஏறக்குறைய 111 கி.மீ. என்பதால், நான்காவது தசம இடம் சுமார் 11 மீட்டரைக் குறிக்கும். இதைப் பள்ளி மைதானத்தில் நடந்து பார்த்தால்தான் மனதில் பதியும்.

அச்சு வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிய பிறகே கைப்பேசியைக் கொடுங்கள்.

உங்கள் ஊர்க் குளம், நூலகம், பஸ் நிலையம் ஆகியவற்றின் எண்களை வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள். மாணவர்களின் வீட்டு இருப்பிடம் மட்டும் வேண்டாம்.