கையை அளந்தது போதும், ஆட்டத்தைப் பாருங்கள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகளின் பொது மேலாளர்களுக்கும், ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடும் ஸ்கவுட்டுகளுக்கும் வணக்கம்.

கல்லூரி ஆட்டக்காரர்களை அளந்து சோதிக்கும் 2025 காம்பைன் முகாமில் வில் கேம்பெல்லின் கையை அளந்தீர்கள். 32 அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும் என்றார்கள். சில வாரம் கழித்து அவர் கல்லூரியான எல்.எஸ்.யூ.வில் மறுபடி அளந்தபோது சரியாக 33. இருபத்தொரு வயதுக்காரரின் கை அதற்குள் வளர்ந்திருக்காது; அளந்த விதம்தான் மாறியிருக்கும். ஆனால் அந்த இடைவெளியில், மூன்று சீசன் எஸ்.இ.சி. என்ற கல்லூரி லீக்கின் முரட்டு ஆட்டக்காரர்களுக்கு எதிரே லெஃப்ட் டாக்கிளாக (தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில்) நின்றவரை, "இவர் கார்டுக்குத்தான் (டாக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் இடம்) சரிப்படுவார்" என்று ஊரே பேசியது. டிராஃப்ட் என்ற வருடாந்தரத் தேர்வில் நியூ இங்கிலாந்து அணி அவரை நான்காவது ஆளாக எடுத்துக்கொண்டதால் அவருக்கு நட்டமில்லை. இதே பேச்சில் அந்தத் தேர்வின் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் தள்ளப்படுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஆஃபென்சிவ் லைன்மேனை முதலில் அவர் ஆடிய ஆட்டத்தை வைத்து எடைபோடுங்கள். அளவுகள் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த ஆட்டக்காரர்களின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு யார்டு இருக்கிறது, அதைப் பிடிக்கும் ரிசீவருக்கு கேட்ச் இருக்கிறது. லைன்மேனுக்கு எண் என்று எதுவுமே இல்லை. அறுபது முறை சரியாகத் தடுத்தவர் அறுபத்தோராவது முறை சறுக்கினால் அந்த ஒன்றுதான் திரையில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படும் அந்த சாக்கும் பல சமயம் அவர் தவறாக இருக்காது. பந்தை வைத்துக்கொண்டு நின்ற குவார்ட்டர்பேக்கோ, ஆளைத் தவறவிட்ட ரன்னிங் பேக்கோ காரணமாக இருப்பார். நாலு வருட உழைப்புக்கு எண்ணாலான சாட்சி ஒன்றுகூட இல்லாதவரிடம்தான் நீங்கள் கையின் நீளத்தைக் கேட்கிறீர்கள். எண்ணே இல்லாத இடத்தில் கிடைக்கிற ஒரே எண் தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்போடு அவர் சம்பளமும் முடிவாகிறது. லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புது ஆட்டக்காரரின் முதல் சம்பளம் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்துத்தானே வருகிறது?

நீளமான கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியே இருந்து பாய்ந்து வருகிறவரின் நெஞ்சில் முதலில் யார் கை படுகிறதோ அவருக்கே அனுகூலம். ஆனால் அந்தக் கையை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது கால். பின்வாங்கும்போது இடுப்பைத் திருப்பாமல் நகர்கிறாரா, கையை வீசும் நேரம் சரியா, பலமாக மோதுகிறவரிடம் இரண்டடி விட்டுக்கொடுத்த பிறகாவது ஊன்றி நிற்கிறாரா, எதிரணியினர் இருவர் இடம் மாறி வந்தால் பக்கத்துக் கார்டுடன் ஆளை மாற்றிக்கொள்ளத் தெரிகிறதா, நாலாம் குவார்ட்டரிலும் முட்டி மடிகிறதா? ஒருமுறை ஏமாந்த பிறகு அடுத்த ஸ்னாப்பில் (அடுத்த முறை பந்து ஆட்டத்துக்கு வரும்போது) என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கல்லூரி அணிகள் இன்று பந்தை நொடியில் வீசிவிடுகின்றன. லைன்மேன் உண்மையாகச் சோதிக்கப்படுகிற ஸ்னாப் குறைவு. ஆகவே மூன்றாம் டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், எட்டு, பத்து யார்டு தேவைப்படும் ஸ்னாப்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

டாக்கிள் ரஷான் ஸ்லேட்டருக்கு 33 அங்குலக் கை. 2020 சீசனில் அவர் ஆடவேயில்லை. ஆனால் 2019இல் நார்த்வெஸ்டர்னுக்காக ஒஹையோ ஸ்டேட்டுக்காக வெளியே இருந்து பாய்ந்து வரும் சேஸ் யங்கை அவர் எதிர்கொண்ட ஆட்டம் எல்லோர் கையிலும் இருந்தது. இருந்தும் உள்ளே தள்ளவேண்டிய ஆள் என்று பலர் எழுதினார்கள். சார்ஜர்ஸ் அவரைப் பதின்மூன்றாவதாக எடுத்து லெஃப்ட் டாக்கிளாகவே நிறுத்தியது. முதல் சீசனிலேயே நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வு. டாக்கிள் ஜோ தாமஸின் கை 32 அங்குலமும் அரையும். கிளீவ்லண்டுக்காக 10,363 ஸ்னாப்களை ஒன்றுவிடாமல் ஆடி, 2023இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். நீங்கள் வைத்திருக்கும் 33, 34 என்ற கோட்டின்படி அவர் டாக்கிளே அல்ல.

கை நீளத்தோடு இது முடிவதுமில்லை. டாக்கிள் ஒர்லாண்டோ பிரௌன் ஜூனியருக்கு நீளத்தில் குறையே கிடையாது. 2018 காம்பைனில் 40 யார்டை 5.85 விநாடியில் ஓடினார் என்பதற்காகவும், 225 பவுண்டை 14 முறைதான் தூக்கினார் என்பதற்காகவும் மூன்றாம் சுற்றுக்குத் தள்ளினீர்கள். லைன்மேன் எந்த ஆட்டத்தில் 40 யார்டு நேராக ஓடுகிறார்? பெஞ்சில் படுத்துக்கொண்டு யாரைத் தடுக்கிறார்? பிறகு நாலு முறை அவரை ப்ரோ பௌலுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். உடல் போதாது என்று ஆறாம் சுற்றில் 191ஆவது ஆள் வரை விட்டுவைத்த சென்டர் (வரிசையின் நடுவில் நிற்பவர்) ஜேசன் கெல்சி, ஆண்டின் சிறந்தவர்களுக்கான ஆல்-ப்ரோ முதல் அணியில் ஆறு முறை இடம்பிடித்தார். ஒவ்வொரு முறையும் தவறிய அளவுகோலை அடுத்த பிப்ரவரியில் காம்பைன் நடக்கும் அதே இண்டியானாபொலிஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது.

கோபத்தை ஓரம் வைத்துவிட்டுப் பணிவாகவே கேட்கிறேன். கையை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை அளக்கிறோம் என்பதை எல்லா இடத்துக்கும் ஒன்றாக்குங்கள். எட்டில் மூன்று பங்கு அங்குலத்துக்காக ஒருவரின் இடத்தை மாற்றும் முன், டாக்கிளாக அவர் தோற்ற ஸ்னாப்களை எடுத்து, அங்கே கை எட்டாமல் தோற்றாரா, கால் பிந்தித் தோற்றாரா என்று எழுதிவையுங்கள். கை எட்டாமல்தான் தோற்றார் என்றால் தாராளமாக உள்ளே மாற்றுங்கள். இல்லையென்றால் அவர் நின்ற இடத்திலேயே நிற்க ஒரு பயிற்சி முகாமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைகளில் பந்தை விட்டுவிட்டு லைனைப் பார்க்கும் ஒரு ரசிகன்