வண்டி காஸ்திலியோனேயில் அரை நாள் நிற்கட்டும்

ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துப் போகும் சென்னை, கோவை, திருச்சி டிராவல்ஸ்காரர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரோடுதான் அம்மாவும் நானும் ஐரோப்பா போய் வந்தோம். யாரென்று எழுதப் போவதில்லை. எழுதியும் பயனில்லை: உங்கள் எல்லாருடைய விளம்பரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், பெயரை மறைத்தால் எது யாருடையது என்று தெரியவில்லை. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ் பனிமலை, வெனிஸ், ரோம். இரவானால் சாம்பார் சாதம். அந்தச் சாம்பாரைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் அம்மா மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பியிருப்பார்.

என் ஆதங்கம் வேறு. மிலனிலிருந்து வெனிஸ் போகும் வழியில், கார்டா ஏரிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். முக்கால் மணி நேரம். கழிப்பறை, காபி, ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மை. கும்பகோணத்தில் முப்பது வருடம் தமிழ் வகுப்பெடுத்த அம்மா கால் வீக்கத்தோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பக்கத்திலேயே இருக்கிறது காஸ்திலியோனே டெல்லே ஸ்டிவியேரே. 1680-இல் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி பிறந்த ஊர். நம் வீரமாமுனிவர்.

தேம்பாவணியும் சதுரகராதியும் எழுதியவர்; பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் நமக்குக் கொடுத்தவர். எகரத்துக்குக் கீழே கோடு இழுத்து ஏகாரமாக்கியவர், ஒகரத்துக்குச் சுழி போட்டு ஓகாரமாக்கியவர் என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். மெரினாவில் அவர் சிலையைப் பார்த்தபடியேதான் நீங்களும் அலுவலகம் போகிறீர்கள். ஊர் திரும்பிய பிறகு வரைபடத்தில் வந்த வழியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே இது தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு பக்கத்துலயா நின்னோம்?" என்று மட்டும் கேட்டார்.

நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், இங்கே அதுதான் சட்டம் என்று உங்கள் டூர் மேனேஜர் வழியெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல சட்டம். ஆனால் அந்த ஓய்வு பெட்ரோல் பங்க்கில்தான் கழிய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையே?

வீரமாமுனிவர் என்றால் யாரென்றே தெரியாத பயணிக்கும் அந்த ஊரில் பார்க்க இருக்கிறது. 1859 ஜூன் 24 அன்று பக்கத்து ஊரான சோல்ஃபெரினோவில் பெரும் போர். காயம்பட்டவர்களைக் காஸ்திலியோனேக்குத் தூக்கி வந்து தேவாலயத்திலும் தெருவிலும் கிடத்தினார்கள். எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்கள். தற்செயலாக அங்கே வந்திருந்த ஜெனீவா வணிகர் ஹென்றி டுனான்ட் அதைப் பார்த்தார். செஞ்சிலுவைச் சங்கம் அதிலிருந்து முளைத்தது. அந்த ஊரிலேயே அதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது. நம்மூரில் ரத்த தானம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய எத்தனை பேர் உங்கள் வண்டியில் வருகிறார்கள்!

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மாந்துவா. மூன்று ஏரிகள் சூழ்ந்த பழைய அரண்மனை நகரம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜூலை, ஆகஸ்டில் அதன் மேலேரி முழுக்கத் தாமரை. இத்தாலியில் தாமரைக் குளம்! அந்த ஊரின் பேர்போன பண்டம் பூசணி வைத்த பாஸ்தா, வெண்ணெயில் புரட்டித் தருவார்கள். பெயரிலேயே பரங்கியை வைத்திருக்கும் காயைப் பரங்கியர் ஊரில் சாப்பிட, நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

"சைவக்காரர்களுக்குச் சின்ன ஊர்களில் சாப்பாடு கிடைக்காது" என்பது உங்கள் வழக்கமான பதில். பிரஸ்ஸல்ஸில் இரண்டடிகூட இல்லாத, சிறுநீர் கழிக்கும் அந்தச் சிறுவன் சிலைக்கு முன்னால் எங்களை அரை மணி நேரம் நிறுத்தினீர்கள். அங்கிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் கெண்ட் நகரம். வியாழக்கிழமை தோறும் சைவம் சாப்பிடுங்கள் என்று 2009-இல் நகராட்சியே மக்களிடம் கேட்டுக்கொண்ட ஊர் அது. வியாழக்கிழமை விரதம் இருப்பவர்கள் உங்கள் வண்டியில் ஒருவராவது இருப்பார்கள், போய்ச் சொல்லிப் பாருங்கள். அங்குள்ள பேராலயத்தில் 1432-இல் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து முடித்த பலிபீட ஓவியம் இருக்கிறது. அதன் ஒரு பலகை 1934-இல் களவு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. மைக்கில் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

இப்போது பெர்லின், பிராக் என்று புதிதாக ஒரு வழியும் போட ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் நமக்கு உறவு இன்னும் அதிகம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் படித்தது ஜெர்மனியின் ஹாலே நகரில். அலுவலக வேலையாக லைப்சிக் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அங்கே போனேன். அரை மணிப் பயணம்தான். ஃபிராங்கே என்ற பாதிரியார் ஆரம்பித்த அனாதை இல்லமும் பள்ளிகளும் ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மரச்சட்டம் போட்டுக் கட்டிய நீளமான வீடுகள். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் அங்குள்ள காப்பகத்தில் இருக்கின்றன. 1713-இல் கப்பலில் வந்து தரங்கம்பாடி அச்சகத்தில் ஏறிய தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் செய்யப்பட்டவை. எழுத்து பெரிதாக இருந்ததால் பக்கம் போதாமல், பிறகு நம் ஊரிலேயே சிறிய எழுத்து வார்த்தார்களாம். தமிழ் எழுத்தே தெரியாத ஒரு பட்டறைக்காரர் நம் 'ழ'வை எப்படி வளைத்திருப்பார் என்று அந்த முற்றத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க ஒரு சுற்றுலாக் கொடியைக்கூட அங்கே நான் பார்க்கவில்லை.

சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'மிளகு கேக்' என்று ஜெர்மானியர்கள் சொல்லும் இஞ்சிப் பணியாரத்துக்குப் பேர்போன சிற்றூர். மிளகு போடாமலே மிளகு என்கிறார்கள். கடல் கடந்து வந்த வாசனைச் சரக்கு எல்லாமே அந்தக் காலத்தில் அவர்களுக்கு மிளகுதான்.

விசாவைக் காரணம் காட்டாதீர்கள். ஷெங்கன் விசா ஒன்றுதான், 29 நாட்டுக்கும் செல்லும்; நான் சொல்லும் ஊர்கள் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. "ஈஃபிள் கோபுரம் இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது" என்பீர்கள். அதை எடுக்கச் சொல்லவே இல்லை. முதல் தடவை போகிறவருக்கு ஈஃபிளும் வேண்டும், வெனிஸும் வேண்டும். ஆனால் அந்த வெனிஸே இப்போது நம்மைத் தாங்க முடியாமல் இருக்கிறது. 2024 முதல் நெரிசல் நாட்களில் பகலில் வந்து போகிறவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 25 பேருக்கு மேல் ஒரு வழிகாட்டியின் பின்னால் போகக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்றும் விதி போட்டுவிட்டார்கள். எங்கள் குழுவில் 43 பேர். நாங்கள் பார்த்தது எல்லாம் முன்னால் போனவரின் முதுகுப்பையைத்தான்.

கைக்கடிகாரக் கடை, தோல் சாமான் கடை, வாசனைத் திரவியக் கடை என்று நிரலில் மூன்று 'ஷாப்பிங்' நிறுத்தங்கள் இருந்தன. அதில் உங்களுக்குக் கமிஷன் வருவது தெரியும், வரட்டும். மூன்றில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுங்கள். காஸ்திலியோனேக்கு அது போதும்.

அடுத்த வருட நிரலில் அந்த ஊரைச் சேர்த்தால் தெரிவியுங்கள். தாமரை பூக்கும் ஜூலையாக இருந்தால் நல்லது. எங்களுக்கு இரண்டு இருக்கை, ஜன்னலோரம் அம்மாவுக்கு.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருவர்,
கும்பகோணம்