சின்னப் படத்துக்கும் முழு வெளிச்சம் கொடுங்கள்: மல்டிபிளெக்ஸ் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திப் படங்களைத் திரையிடும் மல்டிபிளெக்ஸ் நிர்வாகத்தினருக்கும் புரொஜெக்ஷன் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

குறைந்த செலவில் எடுத்த இந்தி திரில்லர் ஒன்று வெள்ளிக்கிழமை உங்கள் திரைக்கு வருகிறது. இயக்குநருக்கு முதல் படம். நட்சத்திரம் இல்லை, போஸ்டருக்குக்கூடக் காசு இல்லை. அதன் பிழைப்பு முழுக்க வாய்வழிச் செய்தியில்தான். பார்த்தவர் வெளியே போய் நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவர் அதை ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும். பல அரங்குகளில் இது நடப்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் வெளிச்சம். இப்படிப்பட்ட படங்களில் பெரிய விளக்குகளையும் ஜெனரேட்டர் வண்டியையும் தினமும் வாடகைக்கு எடுக்க முடியாது. தெருவின் எல்.இ.டி. விளக்கு, வீட்டு டியூப்லைட், ஒரு கைபேசியின் ஒளி, இவற்றை நம்பித்தான் இரவுக் காட்சிகள் எடுக்கப்படுகின்றன. நிறத்திருத்தம் செய்யும் அறையில் திரையின் வெண்மை 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது 48 நிட் (இரண்டும் திரை வெளிச்சத்தை அளக்கும் அலகுகள்). டிஜிட்டல் சினிமாவுக்கான தர அளவு அது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான், பாதி திறந்த ஃப்ரிட்ஜின் ஒளி மட்டும் அவன்மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கன்னத்தின் ஓரம் 2 நிட் இருக்கும். கையிலுள்ள கத்தியின் விளிம்பு 1 நிட். இதே காட்சியை 8 ஃபுட்-லாம்பர்ட் கொடுக்கும் திரையில் போட்டால் கத்தி 0.6 நிட்டுக்கு இறங்கிவிடும். படிக்கட்டு விளக்கும் வெளியேறும் வழிப் பலகையும் திரையில் சிந்தும் ஒளி காட்சியின் கருமையைச் சாம்பல் நிறமாக்கும். கத்தியும் சுவரும் ஒன்றாகிவிடும். அடுத்த ஷாட்டில் கதாநாயகி ஏன் அலறுகிறாள் என்று யாருக்கும் தெரியாது. ‘படம் புரியல’ என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. பகலில் நடக்கும் குடும்பப் படம் இந்தக் குறையைத் தாங்கிவிடும். திரில்லர் தாங்காது.

காரணங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. புரொஜெக்டரில் காலாவதியான செனான் விளக்கை இன்னும் ஓட்டுவது, ஆயுளை நீட்டிக்க மின்னோட்டத்தைக் குறைத்து வைப்பது, புரொஜெக்டருக்கு முன்னாலுள்ள கண்ணாடி ஜன்னலில் படிந்த தூசு. இவற்றைவிட மோசமானது, முந்தைய காட்சியின் 3டி ஃபில்டரைக் கழற்றாமல் 2டி படம் ஓட்டுவது. பாதி வெளிச்சத்துக்கு மேல் அதுவே விழுங்கிவிடும். வாரத்தில் ஒரு நாள், முதல் காட்சிக்கு முன்னால் முழு வெள்ளைச் சோதனைப் படத்தை ஓட்டி, அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் உள்ள நடு இருக்கையிலிருந்து ஒளிமானியால் அளந்து பாருங்கள். 14 ஃபுட்-லாம்பர்ட்டுக்கு மேலும் கீழும் 3 வரை அனுமதி உண்டு. 11-க்குக் கீழே இருந்தால் அந்தத் திரையில் இரவுக் காட்சிகள் நிறைந்த படத்தைப் போடாதீர்கள், அல்லது விளக்கை மாற்றுங்கள். மூலைகளையும் அளக்க வேண்டும். நடுப்பகுதியின் 75 விழுக்காட்டுக்குக் கீழே அவை போகக் கூடாது.

ஒலியில் நடக்கும் சேதம் இதைவிடப் பெரியது. அரங்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் இருக்கும் என்று நம்பித்தான் பொதுவாகப் படங்களின் ஒலி கலக்கப்படுகிறது. அந்த நிலையில் முன்திரை ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபெல் தர வேண்டும், 5.1 ஒலி அமைப்பில் பக்கவாட்டுச் சரவுண்ட் ஒவ்வொன்றும் 82. நடைமுறையில் என்ன ஆகிறது? விளம்பரங்களும் ட்ரெய்லர்களும் காதைப் பிளக்கின்றன. யாரோ புகார் செய்கிறார். ஊழியர் ஃபேடரை 4.5-க்கு இறக்குகிறார். படம் தொடங்கியதும் யாரும் அதைத் திரும்ப ஏற்றுவதில்லை. ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 3.3 டெசிபெல் என்று கணக்குப் போட்டால் 8 டெசிபெலுக்கு மேல் போய்விட்டது. சண்டைப் படத்துக்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் திரில்லரில் கதையின் முடிச்சே ஒரு கிசுகிசுப்பில் இருக்கும், பின்னாலிருந்து வரும் ஒரு காலடியில் இருக்கும். ஏ.சி. இரைச்சலுக்கு அடியில் அது மூழ்கிவிடும்.

திரையரங்கு குறைத்துவைக்கும் என்று தெரிந்து சிலர் முன்கூட்டியே சத்தமாகக் கலக்குகிறார்கள். அதைக் கேட்டு நீங்கள் இன்னும் குறைக்கிறீர்கள். இந்தச் சுழலில் நசுங்குவது, இரண்டாம் முறை கலக்கப் பணமில்லாத சின்னப் படம்தான்.

தீர்வுக்குச் செலவே இல்லை. படத்தை ஓட்டும் உங்கள் சர்வரின் காட்சிப் பட்டியலில் விளம்பரத் தொகுப்பின் தலையில் ஃபேடரை 4.5 ஆக்கும் கட்டளையையும், படத்தின் முதல் ஃபிரேமில் 7 ஆக்கும் கட்டளையையும் பதியுங்கள். இடைவேளை விளம்பரத்துக்கும் இதே ஜோடி வேண்டும், பெரும்பாலும் மறந்துபோவது அங்கேதான். நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டும் கேளுங்கள். அதன் உயர் அதிர்வெண் பகுதி செத்துப்போயிருந்தால் வசனத்தின் மெய்யெழுத்துகள் எல்லாம் மழுங்கிவிடும்.

இடைவேளையைப் பற்றி ஒன்று. 100 நிமிடப் படத்தில் இயக்குநர் குறித்த இடத்தில் நிறுத்துங்கள், பாப்கார்ன் கணக்குக்கு வசதியான இடத்தில் அல்ல. துரத்தலின் நடுவே திரை அணைந்தால் அதுவரை கட்டிய பதற்றம் அத்தனையும் வீண். படத் தரப்பு முதல் பாதி, இரண்டாம் பாதி என்று இரண்டு கோப்புகளாகவே தந்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. தயாரிப்பாளர்களிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறோம்.

பிறகு கே.டி.எம்., அதாவது பூட்டி அனுப்பப்படும் படக் கோப்பைத் திறக்கும் டிஜிட்டல் சாவி. அது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் பூட்டைத் திறக்கும். நீங்கள் சர்வரை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை முதல் காட்சி ரத்து. திங்களுக்குள் சர்வர் சான்றிதழ்ப் பட்டியலை அனுப்புங்கள், புதனுக்குள் படத்தை ஏற்றுங்கள், வியாழன் மாலையே சாவி திறக்கும்படி கேட்டு முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். சாவியின் நேரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதே மணியை உலகப் பொது நேரமாகப் போட்ட சாவி ஐந்தரை மணி நேரம் தாமதமாகத்தான் திறக்கும்.

காட்சி நேரம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இரவு 10.45-க்கு ஒரே ஒரு காட்சி கொடுத்தால் மும்பையில் படம் முடியும்போது வீட்டுக்கு லோக்கல் ரயில் கிடைக்குமோ என்ற கவலை வந்துவிடும். 300 இருக்கை வேண்டாம். 100 இருக்கைத் திரையில் மாலை 7 மணிக் காட்சியை வெள்ளி முதல் திங்கள் வரை மாற்றாமல் கொடுங்கள், போதும். நீரஜ் பாண்டேயின் முதல் படமான ‘எ வெட்னஸ்டே’ 2008 செப்டம்பர் 5 அன்று வந்தது. கதையின் பெரும்பகுதி ஒரு மொட்டைமாடியிலும் போலீஸ் கட்டுப்பாட்டு அறையிலுமே நடக்கும். வாய்வழிச் செய்தியால் நின்ற படம் அது. அடுத்த ஆண்டே தமிழில் ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆனது, அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் பெற்றது. அந்தப் பேச்சு பரவ அவகாசம் வேண்டும்.

அவகாசத்துக்கு எதிராக நிற்பது பங்குக் கணக்கு. 2009-இல் தயாரிப்பாளர்கள் இரண்டு மாதம் புதுப்படங்களை நிறுத்திவைத்த பின் எட்டிய ஒப்பந்தத்தில் வசூலில் படத் தரப்பின் பங்கு முதல் வாரம் 50 விழுக்காடு, பிறகு 42.5, 37.5, நான்காம் வாரத்திலிருந்து 30. முதல் மூன்று நாளில் வசூலை அள்ளும் பெரிய படத்துக்கு இது பொருந்தும். மூன்றாம் வாரத்தில் கூட்டம் சேரும் படத்துக்கு, கூட்டம் ஏற ஏறப் பங்கு இறங்குகிறது. அறிமுக இயக்குநர்களின் சிறு படங்களுக்கு மூன்று வாரமும் 50 என்று வையுங்கள்.

கடைசியாக, எட்டு வார விதி. இந்தியில் வெளியாகும் படம் ஓ.டி.டி.க்குப் போக எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். நான்கு வாரத்தில் போகவிருந்ததால் 2023-இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பைத் தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. பெரிய படம் அந்த அடியைத் தாங்கியது. சின்னப் படத்தை முதல் வியாழனோடு தூக்கிவிட்டு மீதி ஏழு வாரம் எங்கும் ஓடவிடாமல் வைத்தால், அந்த ஏழு வாரமும் திருட்டுப் பிரதிக்குத்தான் லாபம். உங்கள் திரையிலிருந்து படம் இறங்கும் நாளிலேயே அதற்கான காத்திருப்பும் முடிந்தது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
மும்பையில் இந்திப் படங்களுக்கு ஒலிக்கலவையும் நிறத்திருத்தமும் செய்யும் தமிழ்த் தொழில்நுட்பக் கலைஞர்கள்