பெரிய கடை என்றால் எடுக்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

சின்னக் கடையில் கை வைக்க மாட்டேன், ஊழியர் சம்பளத்தில் கை வைக்கிற பெரிய கம்பெனிக்காரனிடம் காசு கொடுக்காமல் எடுத்தால் தப்பே இல்லை என்று நீ கோபமாகச் சொன்னது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கைமுதல் போட்டுக் கடை நடத்துபவருக்கு ஒரு பொருளின் விற்கும் விலையில் பத்தில் ஒரு பங்குதான் லாபம் என்று வை. ஒன்று களவு போனால் இன்னும் ஒன்பது விற்றால்தான் அதன் கொள்முதல் பணமாவது தேறும். அந்த நஷ்டம் நேரே அவர் வீட்டுச் செலவில் விழும்.

பெரிய கடையில் அது யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் நீ பார்க்கவில்லை. நான் அப்படி ஒரு கடையில் ஸ்டாக் கணக்கு எடுத்தவள். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, ஸ்கேனரும் கையுமாக ரேக் ரேக்காக எண்ணுவோம். முன்வரிசையை நகர்த்தினால் பின்னால் ஒரு காலி அட்டைப்பெட்டி, சீல் கிழிந்து, யாருக்கும் தெரியாதபடி நிமிர்த்தி வைத்திருக்கும். மறுநாள் அந்த செக்‌ஷன் பெண்ணுக்கு மேனேஜர் அறையில் விசாரணை. வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் பைகளைத்தான் கொட்டிப் பார்ப்பார்கள்.

கணக்கில் அது ‘ஷ்ரிங்கேஜ்’ என்று ஏறும். வழியில் உடைந்தது, பில்லில் தவறியது, ஊழியர் எடுத்தது, நீ எடுத்தது எல்லாம் அந்த ஒரே தலைப்பில்தான். ஆண்டுக்கு இவ்வளவு போகும் என்று முன்கூட்டியே ஒதுக்கியும் வைத்துவிடுவார்கள். உன் கோபம் என்று அங்கே ஒரு வரிகூட இருக்காது.

அந்தக் கோபம் நியாயமானது. சம்பளத்தில் கை வைப்பதும் ஓவர்டைம் பணத்தைத் தராமல் இழுத்தடிப்பதும் திருட்டேதான். அதற்காக அங்கே வாங்குவதை நிறுத்து, ஏன் நிறுத்தினாய் என்று பெயர் போட்டு எழுது, ஊழியர்கள் சங்கம் வைத்தால் அவர்கள் பக்கம் போய் நில். இதெல்லாம் முதலாளிக்குக் கேட்கும்.

பசிக்கு எடுப்பவர் கதை வேறு. கொஞ்சம் உணவை எடுத்த வீடற்ற ஒருவர் செய்தது குற்றமாகாது என்று 2016-ல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போதே பசியாற வேண்டிய அவருடைய தேவைதான் அதற்குக் காரணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. சின்னக் கடையாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். நீ எடுத்தது இயர்போன். உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தம்பி. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா